குறிப்பு அவிழவில்லையா? விடையைப் பார்ப்பதா, விளக்கம் படிப்பதா, துப்பு கேட்பதா, கூடி உட்காருவதா?

குறுக்கெழுத்தில் ஒரு குறிப்போடு எவ்வளவு மல்லுக்கட்டியும் நகரவே இல்லை. மறுநாள் பேப்பரில் வரும் விடைக்குக் காத்திருக்கலாமா, யாராவது எழுதிய முழு விளக்கத்தைப் படித்துவிடலாமா, தெரிந்தவரிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் துப்பு கேட்கலாமா, நாலு பேரோடு சேர்ந்து உட்காரலாமா? கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் கிரிப்டிக் குறுக்கெழுத்து பழகும் நண்பர்கள் இதை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. மாட்டிக்கொள்வதிலேயே மூன்று தினுசு இருக்கிறது. அது தெரியாமல் மருந்து கொடுத்துப் பயனில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கொஞ்சம். சாதாரணக் குறுக்கெழுத்தில் குறிப்பு நேராக அர்த்தத்தைச் சொல்லிவிடும். கிரிப்டிக்கில் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பகுதி. ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள். மறு முனையில் அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டிக்காட்டும் சொல் விளையாட்டு. ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல மாட்டார்கள். மேலோட்டமாகப் படித்தால் வாக்கியம் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை. தமிழில் புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம்.

கம்பத்துக்குள் தஞ்சைத் தலை நுழைந்தால் பல பூ சேர்ந்த சரம் (5)

'பல பூ சேர்ந்த சரம்' நேர்ப்பொருள். மீதி, கட்டுமானம். 'கம்பம்' என்ற சொல்லுக்குள் தஞ்சையின் முதல் எழுத்தான 'த' நுழைகிறது. க-த-ம்-ப-ம். கதம்பம். அதிலும் தஞ்சாவூர்க் கதம்பத்துக்கு இந்தப் பக்கம் தனிப் பேர் உண்டு என்பதால், தஞ்சை உள்ளே நுழைவது கூடுதல் பொருத்தம்.

## எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?

முதல் தினுசு, குறிப்பைப் பொருள், கட்டுமானம் என்று இரண்டாக வெட்டும் இடம் தெரியாதது. மேலே உள்ள குறிப்பில் 'நுழைந்தால்' என்பதோடு வெட்டாமல் 'தஞ்சைத் தலை' என்ற இடத்தில் வெட்டினால், தஞ்சையை ஆண்ட சோழனையும் நாயக்கனையும் தேடிப் போய்விடுவீர்கள். திரும்பி வர நேரமாகும்.

இரண்டாவது, வித்தை பிடிபடாதது. கலங்கிய விகாரி, மேட்டூரைத் தாண்டி வருவது (3) என்ற குறிப்பில் பின்பாதி பொருள் என்று ஊகித்துவிடலாம். ஆனால் 'கலங்கிய' என்றால் எழுத்தைக் கலைத்து அடுக்கு என்று அர்த்தம் என்பது பழகியவருக்குத்தான் தெரியும். வி-கா-ரி கலைந்தால் கா-வி-ரி. விகாரி என்பது அறுபது வருடங்களில் ஒன்று, கடைசியாக 2019 சித்திரையில் பிறந்தது. அது தெரியாவிட்டாலும் விடை வந்துவிடும்.

மூன்றாவது, உலகம் தெரியாதது. வெட்டவும் தெரிகிறது, வித்தையும் புரிகிறது, ஆனால் அந்தச் சொல்லோ அந்தச் சங்கதியோ நம் தலையில் இல்லை. இதற்கு எவ்வளவு யோசித்தாலும் பிரயோஜனம் கிடையாது. யாராவது சொன்னால்தான் உண்டு.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். அடுத்த புதிருக்குக் கை கொடுக்குமா என்பது முதல். விடை பிடித்த சந்தோஷம் நமக்கு மிஞ்சுமா என்பது இரண்டாவது. இது பொழுதுபோக்கு, பரீட்சை இல்லை. மூன்றாவது, நேரமும் ஆளும் எவ்வளவு வேண்டும். நான்காவதை யாரும் யோசிப்பதில்லை: குறிப்பே கோணலாக இருந்தால் அது நமக்குத் தெரிய வருமா? தப்பு நம்முடையதா, புதிர் அமைத்தவருடையதா என்று தெரியாமல் பழகினால் கோணல்தான் படியும்.

அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை:

| வழி | அடுத்த புதிருக்கு உதவுமா | சந்தோஷம் | செலவு | கோணல் தெரியுமா |
|---|---|---|---|---|
| விடை மட்டும் | பழகியவருக்கு நிறைய, புதியவருக்கு மிகக் குறைவு | பாதி மிஞ்சும் | நேரம் | தெரியாது |
| முழு விளக்கம் | வித்தை புதிதென்றால் உதவும் | போய்விடும் | எதுவும் இல்லை | நன்றாகத் தெரியும் |
| துண்டுத் துப்பு | மிக அதிகம் | கிட்டத்தட்ட முழுசாக | பொறுமையுள்ள ஒரு ஆள் | ஓரளவு |
| கூடி உட்காருதல் | சொல்வளம் ஏறும் | பங்கு போட்டுக்கொள்ளணும் | ஒரு பகல் | சண்டை வந்தால் தெரியும் |

## விடையை மட்டும் பார்ப்பது

பேப்பர்க்காரர்கள் தருவது இதைத்தான். மறுநாள் நிரப்பிய கட்டம் ஒன்று வரும், காரணம் எதுவும் இருக்காது. இந்து பேப்பர் குறுக்கெழுத்தில் ஊறியவர்கள் டெல்டாவில் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், வங்கிக்காரர்கள். அந்தத் தலைமுறை முழுக்க இப்படித்தான் பழகியது. விடையைப் பார்த்துவிட்டு 'இது எப்படி வந்தது' என்று பின்னோக்கி யோசிப்பார்கள்.

இந்த முறை சுகமாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. விடை நமக்கே தெரிந்துவிட்டது, ஆனால் ஏன் என்று தெரியவில்லை என்ற நிலை.

சும்மா விலை கேட்டதில் கிடைத்தது தோரணத்துக்கு ஆகும் (3)

தோரணத்துக்கு ஆவது, மூன்று எழுத்து. நம்மூரில் சின்னப் பிள்ளைகூட மாவிலை என்று சொல்லிவிடும். கட்டத்திலும் பொருந்துகிறது. பலரும் எழுதிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விடுவார்கள். அங்கேதான் நிற்க வேண்டும். விலைக்கும் மாவிலைக்கும் என்ன சம்பந்தம்? காந்தி பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டு முதல் இரண்டு சொல்லையும் சேர்த்து மெதுவாகப் படித்துப் பாருங்கள். சும்-மாவிலை. விடை அப்பட்டமாக எழுதப்பட்டே இருக்கிறது. அதைத் தானாகப் பார்த்தவர் அதற்கப்புறம் 'கிடைத்தது', 'ஒளிந்தது', 'உள்ளே' மாதிரிச் சொற்களைப் பார்த்தாலே பக்கத்துச் சொற்களைக் கோர்த்துப் படிப்பார். யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு, ஆங்கிலப் புதிரில்தான் அதிகம். அங்கே கடலோடி என்று வந்தால் 'டார்' அல்லது 'ஏபி' அல்லது 'ஜாக்' என்று வாய்ப்பாடு மாதிரி ஒரு பட்டியலே உண்டு. ஏபி என்பது 'ஏபிள் சீமன்' என்ற கப்பல் பதவியின் சுருக்கம் என்பதை விடையை முறைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. (இந்து பேப்பருக்கு நம் நாட்டிலேயே கிரிப்டிக் அமைத்துத் தந்த முன்னோடி, இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியரான அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி. அவருக்கு இந்தக் கடலோடிச் சுருக்கமெல்லாம் தண்ணி பட்ட பாடாக இருந்திருக்கும். நமக்கு அப்படியா?) மூன்றாவது தினுசில் மாட்டியவர்கள் இந்த வழியில் போனால் பொழுதுதான் போகும். இன்னொன்று, அச்சுப்பிழை. குறிப்பில் ஒரு எழுத்து தப்பாக விழுந்திருந்தால் நாள் முழுக்க நம் புத்தியைத்தான் சந்தேகப்படுவோம்.

## முழு விளக்கம் படிப்பது

நல்ல விளக்கம் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். 'கதம்பம், அதாவது பூச்சரம்' என்று எழுதுவது விளக்கமே இல்லை. நேர்ப்பொருள் எது, கட்டுமானத்துக்கான எழுத்து எங்கிருந்து வந்தது, என்ன செய் என்று சொல்லும் சைகைச் சொல் எது, மிச்சம் ஏதாவது சும்மா நிற்கிறதா என்று நாலும் தெரிய வேண்டும். பிரிட்டனில் 'அப்சர்வர்' இதழுக்கு 1939 முதல் 1971 வரை சிமெனஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டி. எஸ். மக்நட் என்ற ஆசிரியர் வகுத்த கட்டுப்பாட்டின் சாரம் இதுதான்: குறிப்பில் சரியான பொருள் இருக்க வேண்டும், நியாயமான சொல் விளையாட்டு இருக்க வேண்டும், இரண்டும் போக வேறு எதுவும் இருக்கக் கூடாது. பரிசு பெற்ற குறிப்புகளைப் பற்றித் தன் கருத்தை அச்சடித்த தாள்களாகவும் வெளியிட்டார். விளக்குவதைத் தனிக் கலையாக எடுத்துக்கொண்டவர்களில் அவரைச் சொல்லலாம்.

அந்தக் கண்ணோடு மாவிலைக் குறிப்பைப் பாருங்கள். 'சும்மா விலை' என்பதற்குள் விடை. 'கிடைத்தது' சைகை. 'தோரணத்துக்கு ஆகும்' பொருள். அப்போது 'கேட்டதில்' என்பதில் 'கேட்டது' எதற்கு? வாக்கியம் அழகாக ஓடட்டும் என்பதற்காக வந்து உட்கார்ந்திருக்கிறது, வேலை எதுவும் செய்யவில்லை. கறாரானவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் ஆட்சேபம் வரலாம் என்பது முழு விளக்கம் எழுதும்போதுதான் கண்ணில் படுகிறது. நான்காவது அளவுகோலில் இதை அடித்துக்கொள்ள வேறு வழி இல்லை.

சரி, குறை? விளக்கம் படிக்கும்போது எல்லாமே புரிந்த மாதிரி இருக்கும். கம்பத்துக்குள் த, ஆமாம், கதம்பம், அட! அடுத்த வாரம் 'மரத்துக்குள்' என்று ஒரு குறிப்பு வந்தால் கை அப்படியே நிற்கும். தலையாட்டுவதற்கும் கண்டுபிடிப்பதற்கும் இடையில் அவ்வளவு தூரம். அப்புறம் கண் ஒரு இடத்தில் நிற்காது. ஏழாவது குறிப்புக்கு விளக்கம் பார்க்கப் போனவர் ஆறையும் எட்டையும் சேர்த்துப் பார்த்துவிடுவார். மூன்று குறிப்பும் வீண். பழக்கமாகிவிட்டால், இரண்டு நிமிஷம் யோசித்ததுமே கை தானாக விளக்கத்துக்குப் போகும்.

ஆகவே இரண்டு பேருக்கு இது முதல் தேர்வு. கிரிப்டிக்கை இப்போதுதான் தொட்டவர், ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு மாதிரி பார்க்கும் வரை. இரண்டாவது, தானே குறிப்பு எழுத ஆசைப்படுகிறவர். நடுவில் இருப்பவர்கள் விடையைத் தாளால் மறைத்துக்கொண்டு விளக்கத்தின் முதல் பாதியை மட்டும் படித்துப் பழகலாம். கட்டுப்பாடு வேண்டும், என்னைக் கேட்டால் அது பெரும்பாலோருக்குக் கிடையாது.

## துண்டு துண்டாகத் துப்பு கேட்பது

என் ஓட்டு இதற்குத்தான். எப்படி நடக்கும் என்று காட்டிவிடுகிறேன். கும்பகோணத்தில் ரயில் ஏறியதும் அக்கா மகன் நோட்டை நீட்டினான்.

தஞ்சை முதலோடு ராமன் ஆயுதம், கல்யாணத்தில் அதிர்வது (3)

"மேளம்தானே மாமா? மே, ள, ம். மூணு எழுத்து சரியா இருக்கு."

"கட்டத்துல பொருந்துது. ராமனை என்ன பண்ணப் போற?"

அவன் பேசவில்லை. திருவிடைமருதூர் தாண்டியதும், "வெட்டுற இடமாவது சரியா?" என்றான். சரி என்றேன், அவ்வளவுதான். பொருள் பின்னால் இருக்கிறது என்று உறுதியானதும் முன்பாதியைத் தனியாக எடுத்துக்கொண்டான்.

"முதல்னா காசு போடுற முதலா?"

"படிக்கும்போது அப்படித்தான் தோணும்."

"அப்ப முதல் எழுத்து. த. ராமன் ஆயுதம் அம்பு. த, அம்பு... தம்பு?" அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆடுதுறையில் வண்டி நின்றபோது, "அம்பை மட்டும் வச்சுக்கிட்டு அவர் என்ன செய்வார்?" என்று கேட்டேன். நரசிங்கம்பேட்டை தாண்டவில்லை, "தவில்!" என்றான். பக்கத்து சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். நாகஸ்வரம் செய்யும் ஊரைத் தாண்டுவதற்குள் தவில் வந்தது பொருத்தம்தான்.

இதில் நான் எதையும் விளக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 'வெட்டிய இடம் சரி' என்பது ஒரு துப்பு, 'அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் உண்டு' என்பது இன்னொன்று, 'கூட இருப்பதை யோசி' என்பது மூன்றாவது. விடை அவனுடையது. அடுத்த தடவை 'முதல்', 'தலை', 'வாசல்' என்று வந்தால் முதல் எழுத்தை எடுக்க வேண்டும் என்பது அவனுக்கு மறக்காது.

மறைந்திருக்கும் செலவு, ஆள். பொறுமையான, தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்ளாத ஆள் வேண்டும். கேட்ட உடனே விடையைப் போட்டு உடைப்பவர்தான் நமக்கு அதிகம் வாய்ப்பார்கள். வாட்ஸப்பில் கேட்டால் அவர் பதில் போடும் நேரத்துக்கு நம் சூடு ஆறிப்போய்விடும். அப்புறம், ஒரே ஆளிடம் கேட்டுக் கேட்டுப் பழகினால் அவர் பார்வையிலேயே புதிரைப் பார்க்கத் தொடங்குவோம். அவருக்குக் கிரிக்கெட் தெரியாதென்றால் நமக்கும் கிரிக்கெட் குறிப்பு ஓடாது.

## கூடி உட்காருதல்

ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் நாலைந்து பேர், ஒரே தாள், காபி. வெட்டும் இடத்துக்கும் வித்தைக்கும் கூட்டம் அவ்வளவு உதவாது. வேகமானவர் ஒருவர் எல்லாவற்றையும் முடித்துவிடுவார், மற்றவர்கள் எழுத்தர் வேலை பார்ப்பார்கள். மூன்றாவது தினுசுக்கு, அதாவது உலகம் தெரியாததற்கு, இதைவிட நல்ல மருந்து இல்லை.

இருபது மா, தோப்பைச் சுற்றிப் போடுவது (2)

சென்னையில் வேலை பார்க்கும் பையன் மாமரத்தையும் மாம்பழத்தையும் விட்டு வெளியே வரவில்லை. வேகமாகப் போடும் பேராசிரியருக்கும் முன்பாதி விளங்கவில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மிராசுதார் வீட்டு ஆச்சி, "ஏம்ப்பா, இருபது மா ஒரு வேலிதானே?" என்று கேட்டுவிட்டு மறுபடி வெற்றிலைக்குப் போய்விட்டார். ஒரு மா முப்பத்துமூன்று சென்ட். இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. டெல்டாவில் இன்றும் 'மூணு மா குத்தகை' என்று பேச்சு உண்டு. குறிப்பில் வித்தையே இல்லை, இரண்டு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான். ஆனால் நில அளவு தெரியாதவருக்கு அது இரும்புக் கதவு. ஆச்சி இதற்கு முன் ஒரு கிரிப்டிக்கும் போட்டதில்லை.

கூட்டத்தின் இன்னொரு லாபம் தகராறு. பத்து வரி சேர்ந்தால் நெல் கொட்டி வைப்பது (5) என்ற குறிப்புக்குப் பத்தாயம் என்று விடை வந்ததும் திண்ணை இரண்டாகப் பிரிந்தது. ஆயம் என்றால் பழைய வழக்கில் வரி, சரி. ஆனால் பத்து, ஆயம் இரண்டும் அப்படியே ஒட்டவில்லை. 'து'வும் 'ஆ'வும் கலந்து 'தா' ஆகிறது. குறிப்பில் இருந்த எழுத்து விடையில் இல்லை, இது ஏமாற்று என்றது ஒரு கட்சி. தமிழில் சேர்த்தால் புணரத்தான் செய்யும், அதற்குத் தனியாக அனுமதிச் சீட்டு வேண்டுமா என்றது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சி. 'சேர்ந்தால்' என்று சொல்லியிருக்கிறார், வழக்கமான புணர்ச்சி, அடைப்புக்குறியில் புணர்ந்த பிறகு வரும் எழுத்து எண்ணிக்கை. அது போதும். ஆங்கிலப் புதிருக்கு எழுதிய எந்தக் கையேட்டிலும் இந்த வழக்குக்குத் தீர்ப்பு கிடைக்காது. நாமேதான் பேசி முடிக்க வேண்டும்.

செலவு வெளிப்படையானது. ஒரு பகல் போகும். சிலருக்குக் கூட்டத்தில் தப்பாகச் சொல்லக் கூச்சம். அவர்கள் வாயே திறக்காமல் வீட்டுக்குப் போவார்கள். அப்படிப்பட்டவர் தனியாகத் துப்பு கேட்பதே நல்லது.

## போனிடம் கேட்டால்?

செயலிகளில் 'ஒரு எழுத்தைக் காட்டு' என்ற பொத்தான் இருக்கும். அது கட்டத்தை நிரப்பும், கற்றுத்தராது. ரயில் வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்றால் அழுத்துங்கள். உரையாடும் ஏஐ செயலியிடம் கேட்பதில் வேறு வில்லங்கம். 'தை' நமக்கு ஒரு எழுத்து. கணினிக்குள் அது 'த'வும் ஒரு துணைக்குறியும் சேர்ந்த இரண்டு. ஆகவே எழுத்தை எண்ணுவதிலும் கலைத்து அடுக்குவதிலும் தடுமாற வாய்ப்பு உண்டு. அதைவிட மோசம், தப்பான விடைக்கும் கூசாமல் ஒரு சமாதானம் கட்டிவிடும். மேளத்துக்குக்கூட ராமனை எப்படியாவது கொண்டுவந்து சேர்த்துவிடும். நேர்ப்பொருளுக்கு மாற்றுச் சொற்கள் கேட்பதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

## நீங்கள் விளக்குகிற இடத்தில் இருந்தால்

கொஞ்சம் பழகிவிட்டால் வீட்டில், அலுவலகத்தில் உங்களிடமும் வந்து கேட்பார்கள். கேட்டதும் விளக்காதீர்கள். "எது வரைக்கும் வந்தீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். பொருள் எந்த முனை என்றே தெரியவில்லை என்றால் முனையை மட்டும் சொல்லலாம். முனை தெரிந்து வித்தை தெரியவில்லை என்றால் சைகைச் சொல்லை விரலால் தொட்டுக் காட்டினால் போதும், பெயர் சொல்ல வேண்டாம். எல்லாம் தெரிந்தும் சொல் வரவில்லை என்றால் தாமதிக்காமல் சொல்லிவிடுங்கள். தெரியாத சொல்லுக்காக ஒருவரைக் காக்க வைப்பதில் கற்பித்தல் எதுவும் இல்லை, வதைதான் உண்டு.

விடை கிடைத்த பிறகு இன்னும் ஒரு வேலை. குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லும் என்ன செய்தது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். எப்படிப் புரட்டினாலும் காவிரி பிறக்கும் இடம் (3) என்பதற்குக் குடகு என்று யாரும் சொல்லிவிடலாம். 'எப்படிப் புரட்டினாலும்' எதற்கு என்று கேட்டு, கு-ட-கு என்று அவர் விரல் விட்டு எண்ணித் திரும்ப வரும் வரை அடுத்த குறிப்புக்குப் போகாதீர்கள்.